பாகோர் கல்லும் பாட்டியின் கல்லும்

போன ஆடி மாதம் செந்தூலில் எங்கள் சனிக்கிழமை வகுப்பில் நான் ஒரு தப்பு செய்தேன். அதை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போகிறேன். அதுதான் நியாயம்.

தலைப்பு 'அம்மன் வழிபாட்டின் தொன்மை'. நான் சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. ஸ்லைடு போடச் சொன்னால் நமக்குக் கேட்கவா வேண்டும்! முதலில் ஆஸ்திரியா நாட்டில் கிடைத்த ஒரு குண்டுப் பெண்ணின் கற்சிலை, அடுத்து மொகஞ்சதாரோ சுடுமண் உருவம், அதற்கடுத்து ஆதிச்சநல்லூர், கடைசியில் நம்ம மாரியம்மன். நடுவில் எல்லாம் அம்புக்குறி. மேலே பெரிய எழுத்தில் '30,000 ஆண்டுகளாக ஒரே தாய்'. நல்ல கைத்தட்டல். எனக்கும் உள்ளுக்குள்ளே கொஞ்சம் பெருமைதான்.

அப்போது பின்வரிசையில் இருந்து இரண்டாம் படிவம் படிக்கிற ஒரு தங்கச்சி கை தூக்கினாள். "அண்ணா, அதெல்லாம் சாமின்னு எப்படித் தெரியும்? வெளையாட்டுப் பொம்மையாக்கூட இருக்கலாம்ல?"

"அடுத்த வாரம் சொல்றேன்மா" என்று சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரமும் சொல்ல முடியவில்லை. படிக்கப் படிக்க, என் அம்புக்குறிகள் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன.

ஆஸ்திரியா சிலையில் இருந்து தொடங்குவோம். 1908-ல் வில்லெண்டோர்ப் என்ற ஊரில் தோண்டி எடுத்தது. உயரம் 11 செ.மீ., உள்ளங்கையில் அடங்கிவிடும். வயது ஏறக்குறைய 30,000 ஆண்டு. பெரிய மார்பு, பெரிய வயிறு, முகம் இல்லை, பாதம் இல்லை, உடம்பில் செங்காவி பூசிய தடம். பார்த்தவுடனே 'தாய்' என்று சொல்லத் தோன்றும். ஆனால் செய்தவர்கள் எழுத்து எதுவும் விட்டுப் போகவில்லை. பூமித்தாயா, பிரசவத்துக்குக் காப்பாக வைத்திருந்த பொருளா, ஒரு பெண் தன்னைத்தானே குனிந்து பார்த்துச் செய்துகொண்ட உருவமா என்று ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. எதையும் அடித்துச் சொல்ல முடியாது.

துருக்கியில் சாத்தல்ஹோயுக் என்று ஒரு பழைய குடியிருப்பு. 1961-ல் ஜேம்ஸ் மெல்லார்ட் என்ற ஆய்வாளர் அங்கே ஒரு களிமண் உருவத்தைக் கண்டார். இரண்டு பக்கமும் சிறுத்தை மாதிரி விலங்குகள், நடுவில் அவற்றின் மேல் கை வைத்து உட்கார்ந்திருக்கும் பெண். சிங்கவாகினியைப் பார்த்துப் பழகிய நமக்கு உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும், எனக்கும் சிலிர்த்தது. அது கிடைத்த இடம் ஒரு தானியத் தொட்டி. விளைச்சலோடு சம்பந்தப்பட்ட தாய் என்று மெல்லார்ட் முடிவு கட்டினார். அதன்பின் மரியா கிம்புட்டாஸ் என்ற அம்மையார், பழைய ஐரோப்பா முழுவதுமே ஒரு மகா தேவியைத்தான் வணங்கியது என்று பல நூல்கள் எழுதினார். உலகம் பூராவும் அது பரவிவிட்டது. என் ஸ்லைடுக்கும் மூலம் அங்கேதான் இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்!

ஆனால் 1993-ல் இயன் ஹோடர் தலைமையில் அதே இடத்தில் மறுபடியும் தோண்ட ஆரம்பித்தார்கள். இந்த முறை உடைந்த துண்டுகளைக்கூட விடாமல் கணக்கெடுத்தார்கள். கிடைத்தவற்றில் பெரும்பாலானவை ஆடு மாடு போன்ற விலங்கு உருவங்கள். பெண் உருவங்கள் கொஞ்சம்தான். பல உருவங்கள் குப்பைக் குழியில் கிடந்தன. சாமியைக் குப்பையில் போடுவார்களா? போடலாம், ஒரு சடங்கு முடிந்தால் அந்த உருவத்துக்கு வேலை முடிந்தது என்று நினைக்கிற வழக்கமும் உண்டு. நாமே விநாயகர் சதுர்த்தி முடிந்ததும் களிமண் பிள்ளையாரைத் தண்ணீரில் விடுகிறோம் இல்லையா? ஆனால் 'இருக்கலாம்' வேறு, 'இருந்தது' வேறு. நான் இரண்டையும் ஒரே ஸ்லைடில் ஒட்டிவிட்டேன்.

சிந்துவெளிக்கு வருவோம். சர் ஜான் மார்ஷல் 1931-ல் வெளியிட்ட மொகஞ்சதாரோ நூலில், விசிறி மாதிரி தலையணி வைத்த சுடுமண் பெண் உருவங்களைத் தாய்த் தெய்வம் என்று எழுதினார். நம்முடைய கிராம தேவதைகளோடு ஒப்பிட்டும் காட்டினார். சில உருவங்களில் தலையின் இரு பக்கமும் கிண்ணம் மாதிரி இருக்கும், அதில் கரிப் புகை படிந்திருக்கும். எண்ணெயோ சாம்பிராணியோ ஏற்றியிருக்கலாம். இது எனக்கு வலுவான சான்றாகவே படுகிறது. ஹரப்பாவில் கிடைத்த ஒரு முத்திரை இன்னும் அதிசயம். தலைகீழாக இருக்கும் ஒரு பெண், அவள் கருப்பையில் இருந்து செடி போல ஒன்று முளைத்து வருகிறது. பூமித்தாய் என்று யாருக்காவது ஒரே ஒரு படம் காட்ட வேண்டுமானால் நான் இதைத்தான் காட்டுவேன். ஆனாலும் சிந்து எழுத்தை இன்னும் யாரும் ஐயமறப் படிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர் நமக்குத் தெரியாது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் சோர்ந்துபோனேன் என்று ஒப்புக்கொள்கிறேன். நம்ம பாட்டன் பூட்டன் வழிபாட்டைப் பற்றி உறுதியாக ஒன்றுமே சொல்ல முடியாதா? அப்போதுதான் பாகோர் கிடைத்தது.

மத்தியப் பிரதேசத்தில் சித்தி மாவட்டம். சோன் ஆறு ஓடுகிற பள்ளத்தாக்கு. 1980-களின் தொடக்கத்தில் அலகாபாத் பல்கலைக்கழகத்தின் ஜி. ஆர். சர்மாவும் அமெரிக்காவின் பெர்க்லியில் இருந்து வந்த டெஸ்மண்ட் கிளார்க்கும் கூட்டாக ஆய்வு நடத்தினார்கள். பாகோர் என்ற இடத்தில், வேட்டையாடி வாழ்ந்த மக்கள் கல் கருவி செய்த ஒரு பழைய தளம். அதன் நடுவில் மணற்பாறைத் துண்டுகளை அடுக்கிய ஒரு வட்ட மேடை. குறுக்களவு சுமார் 85 செ.மீ. அந்த மேடையிலும் சுற்றியும் ஒரு தனிவகைக் கல்லின் உடைந்த துண்டுகள் கிடந்தன. பொருத்திப் பார்த்தால் முக்கோண வடிவம், உயரம் சுமார் 15 செ.மீ. காலம் கி.மு. 9000-க்கும் 8000-க்கும் இடையில். அங்கே இன்னும் விவசாயமே வரவில்லை. பானை கிடையாது, இரும்பு கிடையாது.

அந்தக் கல்லை யாரும் செதுக்கவில்லை. அதன் முகத்தில் முக்கோணத்துக்குள் முக்கோணம், அதற்குள் இன்னொரு முக்கோணம் என்று மஞ்சளும் செம்பழுப்புமாக வரிகள் இருக்கின்றன. எல்லாம் இயற்கை. மணற்பாறைக்குள் இரும்புச் சத்து கூடியும் குறைந்தும் படிந்தால் இப்படிப் பட்டை பட்டையாக நிறம் வரும். எங்கள் மண் ஆய்வுக்கூடத்தில் கல் துண்டுகளை வெட்டிப் பார்க்கும்போது இதே மாதிரி வரிகளைப் பார்த்திருக்கிறேன், ஆனால் முக்கோணமாகப் பார்த்ததில்லை. பக்கத்து மலைச்சரிவில் கண்ணில் பட்ட அப்படி ஒரு கல்லை எவரோ ஒருவர் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்திருக்கிறார். மேடை கட்டி நடுவில் வைத்திருக்கிறார். கல் கருவி செய்வதற்கு அது வேண்டியதில்லை. அடுப்புக்கும் வேண்டியதில்லை.

இனிதான் முக்கியமான விஷயம். தோண்டுகிற வேலைக்கு வந்தவர்களில் கோல், பைகா பழங்குடி மக்கள் இருந்தார்கள். ஆய்வாளர்களுக்குப் புதிராக இருந்த அந்தக் கல் அவர்களுக்குப் புதிராகவே இல்லை. காரணம், சுற்றுவட்டாரத்தில் அவர்களுடைய கோயில்களில் அதே மாதிரிக் கற்கள் இருந்தன. மரத்தடியில் உடைகல் மேடை, மேலே அதே முக்கோண வரிக் கல், சிவப்புப் பூச்சு. அவர்கள் அதை 'மாயி' என்று கூப்பிடுகிறார்கள், அதாவது அம்மா. ஆய்வாளர்கள் அந்தக் கோயில்களுக்கும் போய்ப் பார்த்து, அளந்து, ஒப்பிட்டு எழுதினார்கள். அந்தக் கட்டுரை 1983-ல் 'ஆன்டிக்விட்டி' என்ற தொல்லியல் இதழில் வந்தது. அதன் தலைப்பு 'இந்தியாவில் ஒரு பழங்கற்காலக் கோயிலா' என்று கேட்டு, கேள்விக்குறியோடு முடிகிறது.

அந்தக் கேள்விக்குறியை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சான்று கையில் இருந்தும் அவர்கள் கேள்விக்குறி போட்டார்கள். ஒரு கூகுள் தேடலை வைத்துக்கொண்டு நான் அம்புக்குறி போட்டேன்.

ஏன் கேள்விக்குறி? பாகோர் மேடைக்கும் இன்றைய மாயி கோயிலுக்கும் நடுவில் 10,000 ஆண்டு இடைவெளி. தலைமுறை தலைமுறையாக ஒரே வழிபாடு அறுபடாமல் வந்தது என்று காட்டுகிற சங்கிலி கையில் இல்லை. அதே மலையில் அதே கல் இருக்கும்போது, வேறு வேறு காலத்து மக்கள் தனித்தனியாக அதைப் பார்த்து மனம் பறிகொடுத்திருக்கவும் கூடும். ஆனால் என் கணக்கில், உலகத்தில் கிடைத்த அத்தனை குண்டுப் பெண் சிலைகளையும்விட இந்த முகமில்லாத கல்தான் பெரிய சான்று. மற்ற இடங்களில் ஒரு பொருள் மட்டும் கிடைத்தது. இங்கே பொருளும், அதை வைத்த இடமும், வைத்த முறையும் கிடைத்தன. அதைப் பார்த்து 'இது எங்க அம்மா' என்று சொல்ல இன்றும் ஆள் இருந்தார்கள். என் ஸ்லைடில் நான் தேடியதெல்லாம் உருவம். தேட வேண்டியிருந்தது ஒரு பழக்கத்தை: எடுத்து வைப்பது, பூசுவது, கூப்பிடுவது.

தமிழ்நாட்டுச் சான்றுகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டிய இடுகாடு. தாய்த் தெய்வம் என்று சொல்லப்படும் சிறிய வெண்கல உருவம் அங்கேதான் கிடைத்தது. 2004-ல் மறுபடியும் தோண்டியபோது ஒரு பானை ஓட்டில் புடைப்பாகச் செய்த காட்சி வந்தது. ஒல்லியான ஒரு பெண், பக்கத்தில் ஒரு செடி, மான், முதலை, பறவை. இடுகாட்டில் எதற்கு இதெல்லாம்? இறந்தவரை முதுமக்கள் தாழிக்குள் வைத்து மண்ணுக்குள் இறக்குகிறார்கள். தாழியைப் பார்த்தால் வயிறு மாதிரித்தான் இருக்கிறது. பூமியின் வயிற்றுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று நினைக்க எனக்குப் பிடிக்கிறது. ஆனால் இது என் நினைப்பு, சான்று இல்லை. திருவண்ணாமலைப் பக்கம் மோட்டூரில் கல்வட்டங்களுக்கு நடுவே ஆளைவிட உயரமான பலகைக் கல் ஒன்று நிற்கிறது. தோள் வளைவு இருக்கும், தலை இருக்காது. தாய்த் தெய்வம் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்து உடையார்நத்தத்தில் ஏறக்குறைய அதே வடிவத்தில் இன்னொன்று உண்டு, அதை ஊர் மக்கள் விசிறிப்பாறை என்கிறார்கள். வடிவம் ஒன்று, பார்க்கிற கண் வேறு வேறு.

சரி, கல் போகட்டும். பூமியே அம்மா என்கிற நினைப்பு இப்போது எங்கே உயிரோடு இருக்கிறது? ரொம்ப தூரம் போக வேண்டாம். ஆடித் திருவிழாவில் நம்ம அக்காமார் தூக்கிவரும் முளைப்பாரியைப் பாருங்கள். சட்டியில் மண்ணும் எருவும் போட்டு, தானியம் விதைத்து, வெயில் படாமல் இருட்டில் வைத்து, விரதம் இருந்து வளர்க்கிறார்கள். இருட்டு, ஈரம், முளை. அதுவே ஒரு கருப்பை. திருக்குட முழுக்குக்கு முன்னால் மண் எடுத்து முளையிடுகிற சடங்கு ஆகமக் கோயிலிலும் இருக்கிறது. மிருத்சங்கிரகணம், அங்குரார்ப்பணம் என்று அழைப்பிதழில் அச்சடித்திருப்பார்கள், நாம்தான் படிக்காமல் அன்னதானம் எத்தனை மணிக்கு என்று பார்ப்போம். ஒடிசாவில் ஜூன் மாதம் ராஜ பண்டிகை. பூமாதேவிக்கு அது மாதவிலக்குக் காலம் என்று மூன்று நாள் ஏர் பூட்ட மாட்டார்கள், மண்ணைத் தோண்ட மாட்டார்கள். அவளுக்கும் ஓய்வு வேண்டும் இல்லையா? நாலாம் நாள் அவளுக்குக் குளியல். எப்படித் தெரியுமா? வீட்டு அம்மிக்கல்லைப் பூமாதேவியாக வைத்து, மஞ்சள் அரைத்துப் பூசிக் குளிப்பாட்டுவார்கள்.

விடுதியில் என் அறைத்தோழன் சபாவைச் சேர்ந்த கடசான் பையன். இதைச் சொன்னதும் அவன் ஹுமினோடுன் கதையைச் சொன்னான். பஞ்சம் வந்தபோது கினோயிங்கான் என்ற கடவுள் தன் ஒரே மகளைப் பலி கொடுத்தாராம். அவள் உடம்பு மண்ணில் கலந்து நெல்லாகவும் மற்றப் பயிர்களாகவும் முளைத்ததாம். மே 30, 31-ல் நாம் பொது விடுமுறையாக மட்டும் கேள்விப்படுகிற காமாத்தான், அவளை நினைக்கிற அறுவடைத் திருநாள். அவன் குடும்பம் இப்போது கிறிஸ்துவக் குடும்பம். ஆனாலும் கதையைச் சொல்லும்போது அவன் குரல் தணிந்துவிட்டது.

இப்போது நான் செய்த இரண்டாவது தப்பு. முதல் தப்பைவிடப் பெரிசு.

எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் சின்ன அம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. தகரக் கூரை, ஒரு வேப்பமரம். உள்ளே இருந்தது ஒரு கல். எங்கள் பாட்டி கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து கொண்டுவந்தது. தோட்டத்தை விற்று லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, சட்டி பானையைக்கூட விட்டுவிட்டு அந்தக் கல்லைப் பழைய சேலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு லாரியில் வந்தாராம். இப்போது கோயிலுக்குத் திருப்பணி. தமிழ்நாட்டில் இருந்து கருங்கல் சிலை வருகிறது. அப்படியென்றால் பழைய கல்லை என்ன செய்வது? கூட்டத்தில் பேச்சு வந்தபோது, "ஆத்துல விட்டுடலாம், ஆகம முறைப்படி சிலைதான் சரி" என்று ஒருவர் சொன்னார். ஆதரிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். இளைஞர் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்த நானும் கை தூக்கினேன். சனிக்கிழமை வகுப்பு நடந்த அதே வாரம்! ஆஸ்திரியா கல்லுக்கு ஸ்லைடு போட்டவனுக்குப் பாட்டியின் கல் கண்ணில் படவில்லை.

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. கோயிலுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

பாகோரைப் படித்து முடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் தலைவர் வீட்டுக்குப் போனேன். "மாமா, நான் யோசிக்காம கை தூக்கிட்டேன். இன்னொரு தடவ பேசணும்" என்றேன். அவர் முதலில் கோபப்பட்டார், பிறகு உட்காரச் சொல்லி மைலோ போட்டுக் கொடுத்தார். சோன் ஆற்றங்கரைக் கதையைச் சொன்னேன். ஆகமத்தை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. சிலை வரட்டும், கல்லும் இருக்கட்டும், அவ்வளவுதான் கேட்டேன். பல கோயில்களில் மூல விக்கிரகத்துக்கு முன்னால் பழைய கல்லை வைத்து முதல் பூசை அதற்குத்தான் செய்கிறார்கள் என்று பூசாரி ஐயா எடுத்துக் கொடுத்தார். மறுகூட்டத்தில் எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆற்றில் விடுகிற தீர்மானத்தை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எங்கே வைப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. அதுவரை கல் எங்கள் வீட்டுச் சாமி மேடையில்.

இந்த மாத வகுப்புகளுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் வட்டாரத்தில் மரத்தடியில், புற்றடியில், பழைய தோட்டத்துக் கோயிலில் இருக்கிற கற்களைப் பதிவு செய்யுங்கள். முதலில் கோயில்காரர்களிடம் அனுமதி கேளுங்கள், தொடாதீர்கள். படம் எடுங்கள். உயரம், நிறம், எந்தத் திசை பார்க்கிறது என்று குறியுங்கள். முக்கியமாக, யார் வைத்தது, எங்கிருந்து வந்தது, என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். சுருக்காதீர்கள், திருத்தாதீர்கள். பாகோரில் கல் கிடைத்தது, வைத்தவரின் ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை. நமக்கு இன்னும் ஆள் இருக்கிறார்கள். பலருக்கு 80 வயது தாண்டிவிட்டது.

எங்கள் வகுப்பின் முதல் பதிவு பாட்டியின் கல். கேள்வி கேட்ட அந்தத் தங்கச்சியையே கூட்டிக்கொண்டு போனேன். அவள் அளந்தாள், நான் எழுதினேன். உயரம் 22 செ.மீ., ஆற்றுக் கல், ஒரு பக்கம் செம்பழுப்பு. பிறகு வகுப்பில் கேட்ட கேள்வியையே பாட்டியிடமும் கேட்டாள்.

"பாட்டி, இது சாமின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பாட்டி சிரித்தார். "எங்க மாமியாளுக்கு அம்மை போட்டுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக ஆளில்ல. லயத்துக்குப் பின்னால ஓடையில கெடந்த கல்ல எங்க மாமனார் எடுத்தாந்து வேப்பமரத்தடியில வச்சாரு. தெனமும் தண்ணி ஊத்துனாங்க. எந்திரிச்சிட்டாங்க. நான் வாக்கப்பட்டு வந்தப்ப, 'இதுக்குத் தண்ணி ஊத்தாம சோறு திங்கக் கூடாது'ன்னு சொன்னாங்க. ஊத்துறேன்."

எழுதிக்கொண்டேன். பாட்டி கல்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மஞ்சள் காய்ந்துபோய்விட்டது, கடையில் போய் வாங்கிவா என்றார். தங்கச்சியும் கூடவே கிளம்பினாள்.